சந்திப்பு நாலாம் கட்டம்

எங்கள் பங்குக் கோவிலில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்பவன் நான். ஞாயிறு பூசையில் மறையுரை என்கிற பிரசங்கம் தொடங்கியதும் மற்றவர்கள் தூங்கலாம். பலர் தூங்கவும் செய்கிறார்கள், கூப்பிய கை கூப்பியபடி, பக்தியாக. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃபாதருக்கு உணர்ச்சி வந்துவிட்டால் மைக்கை ஏறக்குறைய விழுங்கிவிடுவார், ஸ்பீக்கர் கூவும், சபை மொத்தமும் விழித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். ஆகவே இந்தப் பங்கில், அதாவது இந்தக் கோவிலைச் சேர்ந்த சனத்தில், எல்லா மறையுரைகளையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்ட ஒரே கத்தோலிக்கன் நான்தான். இதற்கு மோட்சத்தில் ஏதாவது சலுகை உண்டா என்று ஃபாதரிடமே ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது தையல்காரர் அண்ணன் விஷயம். கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டின் முன் அறையே கடை. ஃபாதரின் வெள்ளை அங்கியிலிருந்து பீடத்து விரிப்புவரை அவர் தைத்ததுதான். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாவது பெஞ்சில் தூணோரம் அவருடைய இடம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் பக்கத்தில் போய் நிற்பார், ஒன்றும் பேசமாட்டார், அவர்களே எழுந்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தனக்கு நன்மை வேண்டும். பூசையில் சாமியார் கையிலிருந்து வாங்குகிறோமே, அந்த அப்பம். வர முடியாத நோயாளிகளுக்குச் சாமியாரே வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். நடந்து போக ஐந்து நிமிடம், கொடுக்க ஐந்து நிமிடம், திரும்பி வர ஐந்து நிமிடம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நன்மை வாங்கும்முன் வாயில் எதுவும் படக் கூடாது என்பது அக்காவின் பிடிவாதம். நோயாளிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று ஃபாதரே சொல்லியிருக்கிறார். நான் விழித்திருந்து கேட்டிருக்கிறேன். அதை எடுத்துச் சொன்னதற்கு, "நான் அவ்வளவு பெரிய நோயாளி ஒண்ணும் இல்ல" என்றுவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசையைப் போட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணியை விரித்து, சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைப்பார். அக்கா காப்பி இல்லாமல், மாத்திரை இல்லாமல், வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். உச்சி வெயில் ஏறிய பிறகு அண்ணன் கெஞ்சுவார். "சரி, அடுத்த வாரம் வருவாரு" என்று சொல்லி அக்கா காப்பியைக் குடிப்பார்.

அண்ணன் போய்க் கேட்காமல் இல்லை. முதல் வாரமே பூசை முடிந்ததும் உடைமாற்றும் அறையில் போய் நின்றார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஃபாதர், வீட்டுல அவ விழுந்துட்டா. நன்மை கொண்டுவந்து குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

ஃபாதர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவர், அவ்வளவுதான். "அண்ணே, நான் மட்டும் வந்து குடுத்துட்டுப் போனா அது ஒரு தனிமனிதனோட செயல். அது போதுமா? ஒரு நோயாளியத் தேடி பங்கு முழுசும் வரணும். அதுதான் குழும வாழ்வு. அதுதான் என் கனவு."

"வீடு சின்னது ஃபாதர்."

"மனசு பெருசா இருந்தா போதும்ணே."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரர் மனசைச் சொல்கிறாரா, வந்து நிற்கப்போகிறவர்கள் மனசைச் சொல்கிறாரா என்று வழியெல்லாம் என்னைக் கேட்டார்.

ஃபாதர் அந்தக் கனவைப் பங்குப் பேரவையின் துணைத் தலைவரிடம் ஒப்படைத்தார். துணைத் தலைவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் திட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அலுவலகம் அதற்குப் பிறகு நன்றாக நடக்கிறது என்று கேள்வி. எதைக் கேட்டாலும் கட்டம் கட்டமாகப் பிரிப்பார் என்பதால் ஊருக்குள் அவருக்குக் கட்டம் சார் என்று பெயர். அவருக்கும் அது தெரியும், பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பேரவைக் கூட்டத்தில் அவர் எழுந்து மைக்கைத் தட்டினார். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த அறை அது. ஆனால் மைக் இல்லாமல் அவருக்குக் கருத்து வராது.

"நோயாளியப் போய்ப் பாக்கறதுல என்ன இருக்கு? யார் வேணா போய்ப் பாத்துடலாம். எந்தப் படிப்பும் வேண்டாம், எந்த யோசனையும் வேண்டாம். இத்தன வருஷமா அப்படித்தான் பாத்துட்டு இருந்திருக்கோம். அதுதான் தப்பு. இனிமே முறையாப் பாக்கப்போறோம். முதல் கட்டம் சிந்தனை. ரெண்டாம் கட்டம் பயிற்சி. மூணாம் கட்டம் பகிர்வு. இதெல்லாம் முடிஞ்சதும் சந்திப்பு நாலாம் கட்டம்."

அண்ணன் மூலையிலிருந்து கையைத் தூக்கினார். "சார், அதுக்குள்ள அவ எந்திரிச்சு நடந்துட்டா?"

"ரொம்ப நல்லது. அதையும் திட்டத்தோட வெற்றியாச் சேத்துக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனும் தட்டினார், பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று.

முதல் கட்டம் மறையுரையாக வந்தது. ஒரு ஞாயிறு முழுக்க, நோய் என்பது உடம்பில் இருக்கிறதா உள்ளத்தில் இருக்கிறதா என்று ஃபாதர் ஆராய்ந்தார். அடுத்த ஞாயிறு, நோயாளி என்பவர் யார். அதற்கடுத்த ஞாயிறு விடை கிடைத்துவிட்டது. நாம்தான் நோயாளிகள். எழுந்து நடமாடுகிற, சாப்பிடுகிற, சிரிக்கிற நாம்தான் உண்மையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறோம். கட்டிலில் கிடப்பவர்களோ உள்ளத்தால் நிமிர்ந்து நிற்கிறார்கள், அவர்கள் நம்மிடம் வர வேண்டும், நம்மைத் தொட வேண்டும். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது, ஸ்பீக்கர் கூவியது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று அண்ணன் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் உதடு காய்ந்திருந்தது.

"வரலியா?"

"வரல."

"பிரசங்கத்துல என்ன சொன்னாரு?"

அண்ணன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். "நீதான் அவரப் போய்ப் பாக்கணுமாம்."

அக்கா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

இரண்டாம் கட்டத்துக்கு உடை தேவைப்பட்டது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சாதாரண உடுப்பில் போனால் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிடுவார்களாம். ஆகவே தோளை மூடும் நீலத் துண்டு, முன்னால் கொக்கி வைத்து. யார் தைப்பது? வேறு யார். அண்ணன் முன் அறையில் மிஷினை மிதித்துத் தள்ளினார். கொக்கி வைக்கிற வேலையை அக்கா வாங்கிக்கொண்டார். தலையணையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகத் தைத்துப் போட்டுக்கொண்டே, "என்னப் பாக்க வர்றவங்களுக்கு நானே கொக்கி வச்சுக் குடுக்கறேன். இந்தக் கொடுமை எங்கயாவது உண்டா" என்று சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும். இருந்தும் சிரித்தார்.

பயிற்சி பங்கு மண்டபத்தில் நடந்தது. பேரவைச் செயலாளர் அம்மா நோயாளியாக நடிக்க முன்வந்து டேபிள் டென்னிஸ் மேசைமேல் படுத்துக்கொண்டார். நீலத் துண்டுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். தலைமாட்டில் நிற்கக் கூடாது, கால்மாட்டில் நிற்க வேண்டும். புன்னகைக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவே கூடாது, அது நோயாளியைப் புண்படுத்தும். அதற்குப் பதில், "உங்கள் இருப்பு எங்களுக்கு ஒரு கொடை" என்று சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் வாய் தவறி "என்னம்மா, வலி தேவலையா" என்று கேட்டுவிட்டார். கட்டம் சார் அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க வீட்டுலயே ஒரு ஆள் படுத்திருக்கா. அங்க வந்து பழகுனா ஒரே வேலையாப் போயிடுமே."

"பயிற்சி இல்லாம நிஜ நோயாளிகிட்ட போறது ஆபத்து."

"யாருக்கு சார்?"

"ரெண்டு பேருக்கும்."

மேசையில் வெகுநேரம் படுத்திருந்ததில் செயலாளர் அம்மாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பயிற்சியை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் பதறினார்கள். ஒருவர் தைலம் கொண்டுவந்தார், ஒருவர் வெந்நீருக்கு ஓடினார். மறுநாள் பேரவையே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இதை மட்டும் எப்படிக் கட்டமில்லாமல் செய்தீர்கள் என்று கேட்டேன். அது பழக்கத்துக்காகப் போனது, திட்டத்தில் சேராது என்றார் கட்டம் சார்.

மூன்றாம் கட்டம் பகிர்வு. ஒரு வீட்டில் கூடி, நற்செய்தி வாசித்து, மௌனமாகச் சிந்தித்து, ஆளுக்கு ஒருவராக மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும். யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது, அண்ணன் வீட்டில் வைக்கலாம் என்று ஃபாதரே சொன்னார். அண்ணனுக்கு முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள். ஃபாதர் வீடுவரை வருகிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பூசை முடிந்து நேராக வருகிறார். வெறுங்கையோடு வருவாரா என்ன?

அன்று மிஷினை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்தார்கள். முன் அறைக்கும் அக்கா படுத்திருந்த அறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைதான். அந்தச் சின்ன இடத்திலும் கட்டம் சாருக்கு மைக் வேண்டும், பேசுவதைப் பதிவும் செய்ய வேண்டும். ஸ்பீக்கரை அலமாரிமேல் வைத்தேன். ஃபாதர் வந்து உட்கார்ந்தார். அண்ணன் என் காதில் கிசுகிசுத்தார்.

"தம்பி, கொண்டுவந்திருக்காரா பாரு."

நன்மை கொண்டுபோகிற சின்ன வட்டப் பெட்டி ஒன்று உண்டு, கழுத்தில் தொங்கும். ஃபாதரின் கழுத்தில் ஒன்றுமில்லை. நான் அண்ணனைப் பார்க்காமல் ஒயரைச் சரிசெய்தேன்.

நோயுற்றோரைத் தேடிப்போவது பற்றிய பகுதியை வாசித்தார்கள். பிறகு கட்டம் சார், "உங்களுக்கு மிக அருகில் இருக்கும் நோயாளி யார் என்று மௌனமாக யோசியுங்கள்" என்றார். எல்லோரும் கண்ணை மூடி யோசித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினார். வெறும் வயிறு, காய்ந்த தொண்டை. இன்னொரு முறை இருமினார்.

கட்டம் சார் கண்ணைத் திறந்தார். "அந்தத் திரைய நல்லா இழுத்து விடுங்க. மௌனம் கலையுது."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அண்ணன் திரையைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய் இழுத்தும்விட்டார். மரியாதை பழகின மனிதர்களுக்கு வருகிற சாபம் இது.

பகிர்வு தொடங்கியது. யோசித்தபோது தன் கண்முன்னே ஒரு பெண் தனியாகப் படுத்திருப்பதுபோல் தெரிந்தது என்று சொல்லிச் செயலாளர் அம்மா அழுதார். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, இறைவனே அவளைக் காப்பாராக என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, அந்த மைக்க இங்க குடு."

யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒயர் கட்டில்வரை நீளும். அக்கா மைக்கை வாயிலிருந்து சரியான தூரத்தில் பிடித்தார். இந்தப் பங்கில் அப்படிப் பிடித்த முதல் ஆள்.

"நான்தான் அந்த நோயாளி. இங்கதான் படுத்திருக்கேன், திரைக்கு இந்தப் பக்கம். துணைத் தலைவர் சார், நீங்க கிட்னில கல்லு எடுத்துட்டுப் படுத்திருந்தீங்க. நான் கஞ்சி வச்சு எடுத்துட்டு வந்து உக்காந்திருந்தேன். அது எந்தக் கட்டம்னு அன்னைக்குக் கேட்டீங்களா? குடிச்சீங்கல்ல? ஃபாதர், நான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்கு வேற எதுவும் வேண்டாம், நன்மை மட்டும் குடுங்க. ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்க."

ஃபாதர் பாதி எழுந்தார். உண்மையாகவே எழுந்தார். கட்டம் சார் மெதுவாக, "ஃபாதர், இப்ப உள்ள போனா கட்டம் குழம்பிடும். சந்திப்புக்குப் பேரவை கூடித்தான் நாள் குறிக்கணும்" என்றார். ஃபாதர் நின்றார். திரையைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே ஆசீர்வதித்தார். திரை ஆசீர்வாதம் பெற்றது.

"அருமையான பகிர்வு" என்றார் கட்டம் சார்.

அடுத்த ஞாயிறு பூசையில் ஃபாதர் மறையுரை சொல்லவில்லை. "இன்று நான் பேசப்போவதில்லை. ஒரு நோயாளியின் குரல் பேசும்" என்று சொல்லிவிட்டு எனக்குச் சைகை காட்டினார். பதிவை ஓடவிட வேண்டும். விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன். போடாமல் விட்டிருக்கலாம். போட்டேன். அக்காவின் குரல் கோவில் முழுக்க நிறைந்தது. நான்தான் அந்த நோயாளி, இங்கதான் படுத்திருக்கேன். கல்லு எடுத்த பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள். வெளி ஸ்பீக்கரும் போட்டிருந்ததால் இரண்டு தெரு தாண்டி அக்காவுக்கும் கேட்டிருக்கும், அதே கட்டிலில், அதே வெறும் வயிற்றோடு. குரல் முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் தட்டவில்லை.

நன்மை நேரம் வந்தது. அண்ணன் வரிசையில் நின்று ஃபாதர் முன்னால் கையை நீட்டினார்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்."

கையில் வாங்கினால் அங்கேயே, சாமியார் கண்முன்னே வாயில் போட வேண்டும். வெளியே எடுத்துப்போவது பெரிய குற்றம். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அண்ணன் வாயில் போடவில்லை. உள்ளங்கையில் இருந்ததை மறுகையால் பொத்திக்கொண்டார், திரும்பினார், நடுவழியே வாசலை நோக்கி நடந்தார். ஓடவில்லை. அளவெடுத்து வைத்தது போல நிதானமாக நடந்தார்.

"அண்ணே, வாயில போடுங்க, வாயில போடுங்க" என்று கட்டம் சார் அடிக்குரலில் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். ஃபாதருக்கு முகம் வெளுத்துவிட்டது. கையில் நன்மைக் கிண்ணத்தோடு அப்படியே பின்னால் விரைந்தார். ஃபாதர் கிண்ணத்தோடு எங்கே போனாலும் மெழுகுவர்த்தியும் மணியும் கூடப் போக வேண்டும் என்பது பீடப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவர்களும் போனார்கள், மணி அடித்துக்கொண்டே. மணிச்சத்தம் கேட்ட பாடகர் குழு பவனி என்று நினைத்துப் பவனிப் பாட்டை எடுத்தது. பாட்டைக் கேட்டதும் சபை எழுந்து இரண்டு வரிசையாகக் கிளம்பியது. எங்கள் ஆட்கள் பவனி என்றால் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். நீலத் துண்டுக்காரர்கள் அவசரமாகக் கொக்கியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு ஓடினேன்.

கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், வண்டிகள் ஒதுங்கின. பங்கு முழுசும் இரண்டு தெருவையும் நிறைத்துக்கொண்டு போனது. ஃபாதரின் கனவு இப்படித்தான் நிறைவேற வேண்டும் என்று இருந்திருக்கிறது.

நான் முண்டியடித்து உள்ளே போனபோது அண்ணன் கட்டிலருகே முட்டி போட்டிருந்தார். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. ஃபாதர் மூச்சிரைக்க வந்து நின்றார். அண்ணன் பொத்திய கையைத் திறந்து நீட்டினார்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது ஃபாதர். இனிமே நீங்க குடுங்க."

ஃபாதர் அந்த உள்ளங்கையிலிருந்து எடுத்தார். அக்கா வாசலையும் ஜன்னலையும் அடைத்து நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தார், பிறகு ஃபாதரைப் பார்த்தார்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்."

யாரும் சொல்லாமலே எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். கட்டம் சார் பிறகு என் தோளைத் தொட்டு, "நாலாம் கட்டத்த அறிவிக்கணும். மைக் எங்க?" என்றார்.

"கோவில்ல."

நீலத் துண்டுக்காரர்கள் கால்மாட்டில் போய் நின்று, பல் தெரியாமல் புன்னகைத்து, "உங்கள் இருப்பு எங்களுக்கு ஒரு கொடை" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நன்மை வாங்கி மூடியிருந்த கண்ணை அக்கா திறந்தார்.

"இருக்கட்டும். எல்லாரும் வந்ததுல ரொம்ப சந்தோஷம். யாராவது ஒருத்தர் உள்ள போய் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டாங்க. மாத்திரை போடணும்."

நீலத் துண்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பயிற்சியில் காப்பி வரவில்லை. கட்டம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதற்கு ஒரு சிறு குழு அமைக்கலாம் என்று ஆரம்பித்தார்.

ஃபாதர் கையிலிருந்த கிண்ணத்தை வெள்ளைத் துணிமேல் மெதுவாக வைத்து முட்டி போட்டு வணங்கினார். எழுந்து, பூசை உடையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். கட்டம் சார் பின்னாலேயே ஓடினார்.

"ஃபாதர், பூசை பாதியில நிக்குது. இது திட்டத்துலயே இல்ல."

"பால் எங்க இருக்குன்னு பாருங்க சார்" என்றார் ஃபாதர்.